ஈசுவர வருஷத்துக் கிரகணம்

என் மேலுதடு பிறக்கும்போதே பிளந்திருந்தது. ஆறு வயதில் ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். தைத்தவருக்கு அன்று என்ன அவசரமோ, மூக்கடியிலிருந்து வாய்வரைக்கும் முறுக்கிக்கொண்ட ஒரு தழும்பு தங்கிவிட்டது. தென்னூரில் எங்கள் தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. மூளி என்பார்கள். அப்படிக் கூப்பிட்ட இரண்டு பேரை நான் கல்லால் அடித்திருக்கிறேன். ஒருத்தனுக்கு நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது. அதற்காக அன்றும் நான் வருத்தப்படவில்லை, இன்றும் இல்லை.

நான் ஏன் மூளியானேன் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் வயிற்றில் இருந்தபோது, சூரிய கிரகணத்தன்று அம்மா பாக்கு வெட்டிவிட்டாள். கிரகணத்தில் பிள்ளைத்தாய்ச்சி எதை வெட்டினாலும் அந்த வெட்டு பிள்ளைமேல் விழும் என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கத்தரிக்காய் நறுக்கினாலும் விழும், நகம் கிள்ளினாலும் விழும். அம்மா வெட்டியது கொட்டைப்பாக்கு. அது என் உதட்டில் விழுந்தது.

அம்மா பாக்கு வெட்டியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு வெற்றிலை பாக்குக் கடை. கடைக்கான சீவல் முழுவதும் அம்மாவின் கையால் வெட்டியதுதான். அடுப்பு வேலை முடிந்தால் பாக்கு, துணி துவைத்து முடித்தால் பாக்கு. பாக்குவெட்டியை அவள் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. எழுந்து நடக்கும்போது சேலை மடிப்பில் செருகிக்கொள்வாள். அவள் விரல்களைப் பார்த்தால் எத்தனை வருஷ வேலை என்று தெரியும்.

அப்பா அடிப்பார். இதை எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டும். ரசத்தில் உப்புக் கூடினால் அடி. கடையில் வியாபாரம் மந்தமானால் அடி. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனார்கள் என்றால் அன்றைக்குச் சரியான அடி. காரணம் எதுவானாலும் கையோடு வரும் வாக்கியம் ஒன்றுதான்: "கிரகணத்துல பாக்கு வெட்டினவதானேடி நீ!" அம்மா ஒரு தடவைகூடத் திருப்பிப் பேசியதில்லை. சுவரோரமாகச் சாய்ந்து, முகத்தை மட்டும் மறைத்துக்கொண்டு, முடிகிறவரை இருப்பாள். முடிந்ததும் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அண்ணனையும் அப்பா விட்டு வைத்ததில்லை. தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் அவன் முதுகில் செருப்பு விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்மேல் மட்டும் அவர் கை பட்டதே கிடையாது. பதினேழு வயதுவரை ஒரு குட்டுகூட இல்லை. அப்பாவுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லாவிட்டாலும் உள்ளுக்குள் அதில் எனக்குப் பெருமைதான்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், ஆனி மாதம் சூரிய கிரகணம் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. சிலோனில் சூரியன் முழுசாக மறையுமாம், நம் ஊரில் முக்காலுக்கு மேல் மறையும் என்றார்கள். அண்ணன் ரயில் பட்டறையில் வெல்டர். நெருப்பைப் பார்த்து வேலை செய்வதற்கு அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி உண்டு. அதை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறான் என்று தெரிந்த அன்றே தெருவே அவனுக்கு நண்பனாகிவிட்டது. யார் முதலில் பார்ப்பது, ஆளுக்கு எத்தனை நேரம் என்று வாசலில் தினமும் பஞ்சாயத்து. விளக்குக் கரி பிடித்த கண்ணாடியே போதும், உன் கண்ணாடி எவனுக்கு வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் சொல்லப்போக, அண்ணன் அவர் கையிலிருந்த கரிக் கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் அடித்தான். அவர் இவன் சட்டையைப் பிடித்தார். கிரகணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே இரண்டு பேருக்கு ரத்தக் காயம்.

எனக்குக் கடைசி முறை என்று அண்ணன் சொல்லியிருந்தான். "எல்லாரும் பாத்து முடிச்சப்புறம் நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாத்துக்க" என்றான். எனக்கு அந்தக் கண்ணாடி வேண்டும் என்பதில் வெறியாகவே இருந்தேன். விஞ்ஞானமும் இல்லை, வேடிக்கையும் இல்லை. என் உதட்டைப் பிளந்தது எதுவோ அதை ஒருமுறை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கல்லெறிந்தாலும் எறிந்திருப்பேன்.

அப்பாவின் ஏற்பாடுகள் வேறு. அண்ணிக்கு அப்போது ஆறாம் மாசம். வீட்டில் இன்னொரு மூளி பிறக்கக்கூடாது என்று அப்பா கங்கணம் கட்டிக்கொண்டார். அண்ணியை நடு அறையில் வைத்துப் பூட்டுவது, ஜன்னல் இடுக்குகளில் துணி அடைப்பது, முதல் நாளே கத்தி, அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஊசி, வீட்டிலிருந்த பாக்குவெட்டிகள் எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்வது என்று திட்டம் போட்டார். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அம்மாவை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பத்து நாளில் அம்மா வாங்கியது அந்த வருஷம் முழுவதும் வாங்கியதைவிட அதிகம்.

பிடிக்கும் நேரமும் விடும் நேரமும் சரியாக வேண்டும் என்று என்னை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார். சித்திரை வீதியில் ஒரு பெரியவர் எங்கள் கடைச் சீவலைத் தவிர வேறு எதையும் வாயில் போடமாட்டார். அவர் வீட்டில் ஐம்பது வருஷத்துப் பஞ்சாங்கம் பைண்டு செய்து இருக்கிறது என்று அப்பா சொல்வார். எங்கள் வீட்டிலும் பஞ்சாங்கம் உண்டு. ராகு காலம் பார்க்காமல் அப்பா கடைக் கதவைத் திறந்ததே இல்லை. ஆனால் கிரகணத்துக்கு ஸ்ரீரங்கத்துக் கணக்குத்தான் அவருக்குத் திருப்தி.

சீவல் பொட்டலத்தோடு பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போனேன். பெரியவர் ஸ்நானம் முடித்து மடியாக இருந்தார். என்னைக் கண்டதும் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அங்கேயே நில்லு. பொட்டலத்தை அந்த மாடத்துல வை. பஞ்சாங்கமா? இதோ ரேழி அலமாரில இருக்கு. வருஷப் பேர் முதுகுல ஒட்டியிருக்கும். நீயே பாத்து எழுதிண்டு போ. நீ தொட்டதை நான் இப்போ தொடப்படாது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் என்னைத் தீண்டாமல் இருப்பதற்காக மொத்த அலமாரியையும் என்னிடம் விட்டுவிட்டார். மன்மத வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். காலையில் பிடித்து, ஒன்பது தாண்டி விடுகிறது. எழுதிக்கொண்டேன். திரும்ப வைக்கும்போது, கீழ்த்தட்டில் ஈசுவர வருஷம் என்று பழுப்பு ஒட்டுத்தாள் தெரிந்தது. நான் பிறந்தது ஈசுவர வருஷம் மாசி. அப்படியானால் அம்மாவின் வயிற்றில் இருந்ததும் அந்த வருஷம் முழுக்கத்தான். என்றைக்கு, எந்த நாழிகையில் அந்த வெட்டு விழுந்தது என்று பார்த்துவிடலாம் என்று கை பரபரத்தது.

கிரகணங்கள் என்று தலைப்புப் போட்ட பக்கத்தை இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் விரல் வைத்துப் படித்தேன். எங்கெங்கோ தூர தேசங்களில் தெரிவதைச் சொல்லி, இங்கே தெரியாது, ஸ்நானமும் தர்ப்பணமும் அனுசரிக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. சூரியனுக்கும் அப்படித்தான், சந்திரனுக்கும் அப்படித்தான்.

"சாமி, ஈசுவர வருஷத்துல இங்க சூரிய கிரகணம் பிடிச்சுதுங்களா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"ஈசுவரவா? அந்த வருஷம் இங்கே கிரகணமே கிடையாதே" என்று குரல் மட்டும் வந்தது. "நோக்கு எதுக்கு அதெல்லாம்? எழுதிண்டாச்சுன்னா கிளம்பு."

பலமாக இருமினேன். இருமிக்கொண்டே அந்தத் தாளைக் கிழித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். திருட்டுதான். அந்தப் பெரியவரிடம் கடைசிவரை சொல்லவும் இல்லை.

பஸ் பாலத்தில் வரும்போது காவேரியில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. இல்லாத கிரகணத்துக்கு அம்மா பதினேழு வருஷம் அடி வாங்கியிருக்கிறாள். தினமும் பஞ்சாங்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷன் அந்த ஒரு பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடிக்கக் காரணம் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல் முறையாக அப்பாவைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது.

அம்மா கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்தாள். தாளை விரித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன். சந்தோஷப்படுவாள், அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். ஈரக் கையால் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை.

"வாயை மூடு. யாருகிட்டயாவது சொன்னியா?"

"சொல்லலை. அம்மா, கிரகணமே இல்லை. நீ எதுவும் பண்ணலை."

"எனக்குத் தெரியாதா?" என்றாள்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நீ பொறந்த மூணா நாள் உங்கத்தை வந்தா, உங்கப்பாவோட அக்கா. உன் மூஞ்சியப் பாத்துட்டு, இது மனுசப் பிறவி இல்ல, இதை வச்சிருந்தா இந்தக் குடும்பம் வெளங்காதுன்னா. உங்கப்பா எந்திரிச்சு கொல்லைப்பக்கம் போனாரு. அப்ப அந்த வேலி பூரா கள்ளி. திரும்பி வரையில கையில கொட்டாங்கச்சி இருந்துச்சு. அதுல பாலு."

நான் வேலியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் கத்தினேன். புள்ள மேல குத்தமில்ல, நான்தான் கிரகணத்தன்னிக்குப் பாக்கு வெட்டிட்டேன், கொன்னா என்னைக் கொல்லுங்கன்னு கத்தினேன். வாயில வந்தது அதுதான். நாள் பூரா பாக்கு வெட்டுறவளுக்கு வேற என்ன வரும்? என்னிக்கு கிரகணம்னு உங்கத்தை கேட்டா. ஐப்பசி மழையில, மேகத்துக்குள்ள பிடிச்சுது, உனக்கு எப்படித் தெரியும்னேன்."

"நம்பிட்டாங்களா?"

"கொட்டாங்கச்சியக் கீழ போட்டுட்டு என்னை அடிச்சாரு. பச்சை உடம்பு. அடிக்கட்டும்னு இருந்தேன். என்னை அடிக்கிற வரைக்கும் உன்னத் தொட மாட்டாருல்ல." எழுந்து மறுபடி துணியை எடுத்தாள். "அதைக் கொண்டுபோய் அடுப்புல போடு."

போடுகிறேன் என்றேன். போடவில்லை. அம்மாவுக்குப் பயம், அதனால் இப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அச்சடித்த பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அப்பாவின் கை தானாக இறங்கிவிடும் என்று உறுதியாக நம்பினேன். பதினேழு வயதில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கிரகணத்தன்று காலையில் வெறும் வயிற்றோடு எல்லோரும் தயாராக இருந்தோம். அண்ணியை உள்ளே விட்டுப் பூட்டியாயிற்று. அண்ணன் வாசலில் கண்ணாடியோடு நின்றான். தெருவே அவனைச் சுற்றி இருந்தது. என் முறை, உன் முறை என்று கத்தல், தள்ளுமுள்ளு. கொல்லையில் வெயில் மங்கிக்கொண்டே வந்தது. சாயங்காலத்து மங்கல் இல்லை, காமாலைக் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி ஒரு வெளிச்சம். முருங்கை மரத்தடியில் இலை இடுக்கில் ஒழுகின வெளிச்சம் மண் முழுக்கச் சின்னச் சின்னப் பிறையாக விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கொல்லைக்கு வந்தார்.

"பெட்டியில மூணு பாக்குவெட்டிதான் இருக்கு. நாலாவது எங்கடி?"

அம்மா தொட்டி பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் கேட்டது அவள் மடியில் இருந்தது. எப்போதும் அங்கேயே இருப்பதால் முதல் நாள் சாமான்களைச் சேர்த்தபோது அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"எங்கடின்னு கேக்கிறேன்ல? ஒருவாட்டி வெட்டினது பத்தாதா? என் பேரப்புள்ளையையும் வெட்டணுமா?"

முதல் அடியில் அம்மா துவைக்கிற கல்லின்மேல் விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி இரண்டாவது அடித்தார். மூன்றாவதற்கு நான் நடுவில் போய்விட்டேன். தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அம்மா வெட்டலை. படிச்சுப் பாருங்க. நான் பொறந்த வருஷம் கிரகணமே இல்லை. ஸ்ரீரங்கத்துப் பஞ்சாங்கம்!"

"வேணாண்டி" என்று அம்மா கீழேயிருந்து சொன்னது காதில் விழுந்தது. நான் தாளை இறக்கவில்லை.

அவர் வாங்கினார். அந்த மங்கலில் தாளை முகத்தருகே வைத்து, ராகு காலம் பார்க்கிறமாதிரி விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். வாசலில் யாரோ கூச்சல் போட்டார்கள். அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். பஞ்சாங்கத்தைப் பொய் என்று அவரால் சொல்ல முடியாது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அப்ப இவ வெட்டலை" என்றார்.

"வெட்டலைங்கப்பா."

அவர் தலையைத் தூக்கி என் உதட்டைப் பார்த்தார். அப்படி உற்று அவர் என்னைப் பார்த்து எனக்கு நினைவில்லை.

"அப்ப குத்தம் இவகிட்ட இல்லை" என்றார் நிதானமாக. "எங்கக்கா அன்னிக்கே சொன்னா. உங்கிட்டதான்."

வாயிலேயே அடித்தார். தழும்பு கிழிந்து ரத்தம் நாக்கில் உப்புக் கரித்தது. சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கை எவ்வளவு கனம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எனக்கு வந்திருக்க வேண்டியதை எல்லாம் அம்மா வழியிலேயே மறித்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதை அப்பாவின் பிரியம் என்று நினைத்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

அவர் மறுபடி ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. அம்மா எப்போது எழுந்தாள், எப்போது மடியிலிருந்து எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலது கையில் பாக்குவெட்டி. அதன் வாய்க்குள் அவருடைய ஆள்காட்டி விரல் இருந்தது.

"இவ மேல கை வைக்காதீங்க" என்றாள். அப்போதும் வைக்காதீங்க என்றுதான் சொன்னாள். "என்னை எவ்வளவு வேணும்னாலும் அடிங்க. பதினேழு வருசத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? இவளைத் தொட்டா, இதைப் பாக்குன்னு நெனச்சுக்குவேன்."

அப்பா கையை இழுக்கப் பார்த்தார். அவள் அழுத்தினாள். கொட்டையைப் பிளக்க எவ்வளவு அழுத்த வேண்டும், மெல்லிசாகச் சீவ எவ்வளவு போதும் என்பது அந்தக் கைக்கு அத்துப்படி. சீவலுக்கு வேண்டிய அளவே அழுத்தினாள். ரத்தம் அவர் முழங்கை வரைக்கும் ஓடியது. அப்பா வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உள்ளே அண்ணி கதவைத் தட்டினாள். "அத்தை, என்ன சத்தம்? விட்டுடுச்சா? வெளிய வரலாமா?"

"இன்னும் விடலைம்மா. உள்ளயே இரு" என்றாள் அம்மா, கையை எடுக்காமல்.

பிறகு விட்டாள். அவர் துண்டை விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அம்மா கீழே கிடந்த தாளை எடுத்து, என் வாய் ரத்தத்தை அதாலேயே துடைத்து, பிறகு அடுப்பில் போட்டாள். வெயில் பழையபடி மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் கண்ணாடியோடு ஓடி வந்து, "உன் முறை, சீக்கிரம் வா, முடியப்போவுது" என்றான். நான் போகவில்லை.

அதோடு அப்பா திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான். அம்மாவை அதற்குப் பிறகும் அடித்திருக்கிறார். முன்போல அடிக்கடி இல்லை. கிரகணம் என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவில்லை. என்மேல் கை வைக்கவே இல்லை. புரட்டாசியில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. துணியை விலக்கி முதலில் வாயைத்தான் பார்த்தார். வாய் நன்றாக இருந்தது.

ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பது கிரகணத்துக்கு மறுநாள். வீங்கின உதட்டோடு சீவல் டின்னைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அப்பா விரலில் பெரிய கட்டோடு வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். தினமும் வருகிற வாடிக்கைக்காரர் ஒருவர், "என்னங்க, கையில கட்டு?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து வெற்றிலையைப் பார்த்தார்.

"நேத்து கிரகணத்துல பாக்கு வெட்டினேன்" என்றார்.

"அடடா, உங்களுக்குத் தெரியாததா? கிரகணத்துல வெட்டலாமா?"

"தப்புதான்" என்றார் அப்பா.

நான் டின்னை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.